அரைப்பேர்

தலவாக்கலை. இரும்புக்கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை, ஒரு ஹீட்டர்,
அதுவும் ஒரு பக்கம்தான் எரியும்.
திரையில் நாற்பத்தொரு வரி நீளத்துக்கு
ஒரே ஒரு டைப்.

ஒரு நாள் கூலி என்றால் என்னவென்று
கம்பைலருக்கு விளங்கவைக்க
எழுதிவைத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான் ஜெனிஸ்டன்.
கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்கவில்லை.
முதல் வரியிலேயே டீ என்றோர் எழுத்து.
இந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீக்குள் கே, கேக்குள் யூ.
யூ என்பது வீயின் நீட்சியானால் இது,
இல்லாவிட்டால் அது,
அதுவும் இல்லாவிட்டால் ஒருபோதும் இல்லை.
கடைசி வரியில் ஏழு கோண அடைப்புகள்
வரிசையாக மூடுகின்றன,
அட்டன் பஸ் போனபிறகு
கடைகள் பலகை போடுகிற மாதிரி.

கம்பைலர் வாய் திறக்கவில்லை.
முறைப்பாடு வந்தது துண்டுக் கடதாசியில்,
யாரோ போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில்:

‘17 கிலோ எடுத்தேன். அரைப்பேர் போட்டிருக்கு. ஏன்?
க. பவளக்கொடி, மேல்கணக்கு.’

அந்த ஏனுக்காக மூன்று நாள்.
மௌஸைக் கொண்டுபோய் மேலே வைத்தால்
திரை கொள்ளாமல் விரிந்து
‘இன்னும் இருபத்திரண்டு’ என்று முடிகிறது.
இருபத்திரண்டு என்ன?
அதைச் சொல்ல அதற்கு இடம் போதவில்லை.

ஓ.எல். தமிழில் கொண்டுகூட்டு என்று ஒன்று வரும்.
சொற்களைக் கிடந்த இடத்திலிருந்து பிடுங்கி
பொருள் வருகிற இடத்தில் நட்டுப் பார்ப்பது.
அந்தக் கேள்வியை நான் எப்போதும் விட்டுவிடுவேன்.
இப்போது சம்பளத்துக்குச் செய்கிறேன்.

பிரிக்கத் தொடங்கினேன்.
அடைப்புக்குள் அடைப்பாய்க் கிடந்ததை
ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துப் பேர் வைத்தேன்,
ஆங்கில எழுத்தில், எங்கள் சொல்லில்:
பச்சைக்கொழுந்து. சாக்குக்கழிவு. மழைக்கழிவு.
அன்றைய இலக்கு.
கைக்காசு.
முழுப்பேர்.

மழைக்கழிவு என்று இன்னொரு தரம் தட்டியபோது
அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கிறது என்றது கம்பைலர்.
அதன் முதல் பேச்சு.

ஒன்று டீயின் தலையில்.
இன்னொன்று வீயின் வயிற்றுக்குள்.
ஒரே ஈரத்தை இரண்டு தரம் பிழிந்திருக்கிறோம்,
மே மாத மழை தொடங்கியதிலிருந்து.
பதினேழில் ஒன்று போனால் பதினாறு, பேர் விழும்.
இன்னொன்றும் போனால் பதினைந்து.
ஹீட்டரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

‘நூற்றுப்பத்து வரியா?’
கொழும்பிலிருந்து சஞ்சுல எழுதினான்.
‘முந்தியது அழகாக இருந்ததே.’
அழகாகத்தான் இருந்தது.
நானும் இரண்டு மழைக்காலம்
அதை வாசிக்காமலே பாராட்டியிருக்கிறேன்.

மாற்றம் போனது. நிலுவைப் பட்டியலும் போனது,
இருநூற்று ஆறு பேர்,
பவளக்கொடி நூற்றுப்பதினெட்டாவது.

பின்னேரம் பிளேன்டீ கொண்டுவந்த
கீழ்க்கடைப் பொடியன் லோகிதன்
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
கோடு தெரியாது அவனுக்கு.
ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படித்தான்:
இலக்குக்குக் குறைந்தால், அரைப்பேர்.

‘அக்கா, பதினஞ்சரை எடுத்தா
அன்னைக்கு அவங்க அரை ஆளா?’

நாற்பத்தொரு வரிக்குள் கிடந்தவரை
இந்தக் கேள்வி யாருக்கும் வந்ததில்லை.
எனக்கும்தான்.
இது பிழையில்லை தம்பி, தோட்டத்துக் கணக்கு
என்று சொல்ல வாய் வந்து, வரவில்லை.
டீ ஆறிவிட்டது.

அவன் போனபிறகும் கர்சர்
அந்த வரியின் ஓரத்தில் நின்று துடிக்கிறது.
அதற்கு வேறு பேர் வைத்துப் பார்த்தேன், அழித்தேன்.
இன்னொன்று வைத்தேன்.

எதை வைத்தாலும்
கம்பைலருக்கு ஆட்சேபணை இல்லை.